மிஷன் பள்ளியா, வீட்டுப்பள்ளியா? முடிவெடுக்கும் முன் கிறிஸ்தவப் பெற்றோர் செய்ய வேண்டியவை

வாசலில் சிலுவை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். சிலுவை இருக்கிறது என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். பாளையங்கோட்டையில் திருநெல்வேலித் திருமண்டலம் நடத்தும் டி.டி.டி.ஏ. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) ஓய்வுநாள் பள்ளியையும், அதாவது பிள்ளைகளின் ஞாயிறு வேதவகுப்பையும், பார்த்துக்கொள்கிறேன். மார்ச் பிறந்துவிட்டால் ஆராதனை முடிந்ததும் இளம் பெற்றோர் யாராவது வந்து, “டீச்சர், பிள்ளைய எங்க சேக்கலாம்?” என்று கேட்பார்கள். கொஞ்ச காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: “வீட்லயே வச்சுப் படிக்க வைக்கலாமா?” பெங்களூருவில் என் மகள் தன் இரண்டு பையன்களையும் வீட்டில்தான் படிக்க வைக்கிறாள் என்பது சபையாருக்குத் தெரியும். என் மகனோ தூத்துக்குடியில் தன் பிள்ளையை சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு அனுப்புகிறான். இரண்டு வீட்டிலும் வேதம் வாசிக்கப்படுகிறது. அந்தப் பெற்றோரிடம் நான் நின்றபடி அவசரமாகச் சொல்வதை இங்கே ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள் எடுங்கள்

கணவன் ஒரு தாளில், மனைவி ஒரு தாளில், தனித்தனியாக உட்கார்ந்து காரணங்களை எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. என்னிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வது “கர்த்தருக்குள்ள வளரணும் டீச்சர்” என்பதுதான். இன்னும் கொஞ்சம் பேசினால் மற்றவை வெளியே வரும். ஆங்கிலம் சரளமாக வர வேண்டும். நீட்டுக்கு இப்போதிருந்தே அடித்தளம் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன்களோடு சேர்ந்து கெட்டுப்போய்விடக் கூடாது. பெண்பிள்ளை, அதனால் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி என்றால் பயமில்லை. எல்லாமே நியாயமான கவலைகள்தான். ஆனால் ஆங்கிலத்துக்காகத் தேடும் பள்ளியை விசுவாசத்துக்காகத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டால், பிறகு ஏமாற்றம் வரும்போது யார்மேல் வருத்தப்படுவது என்றே தெரியாது.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் காரணம் பள்ளி செய்ய வேண்டியது, எது வீடு செய்ய வேண்டியது, எது சபை செய்ய வேண்டியது என்று குறியுங்கள். வேதாகமத்தில் உபாகமம் 6-ஆம் அதிகாரம், பிள்ளைக்குக் கர்த்தருடைய வார்த்தையைக் கற்றுக்கொடுக்கும் கட்டளையை யாருக்குக் கொடுத்திருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளையோடு பேச வேண்டியவர்கள் பெற்றோர். வகுப்பறையில் இத்தனை வருஷம் நின்றவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: குடும்ப ஜெபம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எந்த மிஷன் பள்ளியும் அதை ஈடுகட்டித் தர முடியாது. அந்தப் பாரத்தைப் பள்ளியின் தலையிலிருந்து இறக்கிவிட்டால், பள்ளியைப் பள்ளியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும்.

மிஷன் பள்ளி உள்ளே எப்படி இருக்கும்

பலரும் நினைப்பதுபோல இது ஒரே வகை இல்லை. சி.எஸ்.ஐ. திருமண்டலமோ கத்தோலிக்க மறைமாவட்டமோ துறவற சபையோ நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்று. அங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடமும் அரசுப் பாடம். அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு இருக்கலாம். அங்கே கட்டணமும் வேறு, ஆசிரியரும் வேறு. மூன்றாவது, மெட்ரிக் அல்லது சி.பி.எஸ்.இ. பள்ளி. நான்காவது, ஒரு போதகரோ ஊழியக் குடும்பமோ நடத்தும் சின்னப் பள்ளி. இவை போக, ஊழியக்காரர் பிள்ளைகளுக்கென்றே விடுதிப் பள்ளிகள் உண்டு. டோனாவூர் சந்தோஷ வித்யாலயா அப்படிப்பட்டது. வடமாநில ஊழியத் தளங்களில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு அது வேறுவிதமான தேவை. இங்கே அதைப் பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை.

உதவிபெறும் பள்ளியில் வேதபாடம் கட்டாயமாக நடக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு நமக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே சாசனத்தின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் எந்தப் பள்ளியிலும் மாணவரையோ, சிறுவராயின் அவர் பெற்றோரையோ கேட்காமல் மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது. அதனால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று பிரித்து நடத்துவார்கள். பல பள்ளிகளில் காலை ஜெபம், ஒரு பாட்டு, கிறிஸ்மஸ் விழா, அவ்வளவுதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1820-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து பள்ளிகள் தொடங்கிய காலத்திலேயே, பெஞ்சில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். இன்றும் நம் பள்ளிகளில் பெரும்பான்மை மற்ற சமயத்துப் பிள்ளைகள்தான் என்பது இந்த ஊரில் யாரும் கண்ணால் காணக்கூடியது. என் பிள்ளை முத்துமாரியோடும் பாத்திமாவோடும் டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டு வளர வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு மிஷன் பள்ளி நல்ல இடம். “நம்ம பிள்ளைகள் மட்டும் இருக்கிற இடம் வேண்டும்” என்கிறவர்களுக்கு அது கிடைக்காது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது சேர்க்கை நாளில் போகாதீர்கள். அன்று எல்லாப் பள்ளியும் அழகாக இருக்கும். சாதாரண வேலை நாளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி கேட்டுப் போங்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பையன்களின் மணிக்கட்டைப் பாருங்கள். எந்த நிறக் கயிறு எந்தச் சாதிக்கு என்பது நம் மாவட்டத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பிறகுதான் நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை.

தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: “இங்க சாதிச் சண்டை வந்தா என்ன செய்வீங்க?” கேள்விக்குப் பதில் சொல்லாமல், “அதெல்லாம் நம்ம பள்ளிக்கூடத்துல கிடையாது” என்று மட்டும் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும். என்ன செய்தோம், யாரைக் கூப்பிட்டுப் பேசினோம் என்று விவரம் சொல்கிறவரை நம்பலாம். கிறிஸ்தவப் பள்ளி என்றால் சாதி இருக்காது என்று நினைக்க வேண்டாம். நம் சபைகளுக்குள்ளேயே அது இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த ஊர்கள் உண்டு. இந்த ஒரே காரணத்துக்காக மிஷன் பள்ளி வேண்டாம் என்று சொல்லும் தலித் கிறிஸ்தவப் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்தப் பள்ளி மாறட்டும், பிறகு பேசலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: சபைப் பிரிவு. பெந்தெகொஸ்தே வீட்டுப் பெண்பிள்ளை ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளிக்குப் போனால், திருப்பலிக்கும் ஜெபமாலைக்கும் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டி வரலாம். காதில் கம்மல் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் குடும்பத்துக்குச் சனிக்கிழமை வகுப்பும் தேர்வும் பெரிய சிக்கல். இதையெல்லாம் சேர்க்கைக்கு முன்பே பேசி, முடிந்தால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான சிஸ்டர்களும் ஃபாதர்களும் மரியாதையாகவே கேட்பார்கள். பிள்ளையிடமும் முன்பே சொல்லி வையுங்கள்: “அவங்க ஜெபிக்கும்போது நீ அமைதியா நில்லு. கேலி பண்ணக் கூடாது.”

பரிணாமப் பாடத்தைச் சொல்லி வீட்டுப்பள்ளியைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒரு பாடம். அதற்காகப் பள்ளியை விட வேண்டியதில்லை. பிள்ளை அதை நன்றாகப் படிக்கட்டும், தேர்வில் முழு மதிப்பெண் வாங்கட்டும், வீட்டில் வந்து கேள்வி கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்க அப்பாவிடமும் அம்மாவிடமும் பயமில்லாமல் வருகிற பிள்ளைதான் விசுவாசத்தில் நிற்கும் என்று நான் நம்புகிறேன்.

பணக்கணக்கும் அரசுச் சலுகையும்

இதைச் சபையில் யாரும் பேசமாட்டார்கள், ஆனால் பேச வேண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதனால் மற்ற தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இருக்கும் 25 சதவீத இலவச இடத்தைக் கிறிஸ்தவ மெட்ரிக் பள்ளியில் எதிர்பார்க்க முடியாது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு அது இல்லை. டாக்டராக வேண்டும் என்ற ஆசையும் கையில் பணமில்லாத நிலையும் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பது கிறிஸ்தவர்களும் யோசிக்க வேண்டிய வழி. கல்லூரிக்குப் போனபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் 2024-லிருந்து சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதே வளாகத்தில் இருக்கும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. பிரிவைத் தெளிவாகக் கேட்டுச் சேருங்கள்.

கட்டணம் கேட்டால் ரசீது கேளுங்கள். தனியார் பள்ளிகளுக்கு அரசுக் குழு நிர்ணயித்த கட்டணம் இருக்கிறது. “கோயில் கட்ட நன்கொடை” என்று சொல்லி வாங்குவது கட்டணமாகாது. கொடுக்க மனமிருந்தால் காணிக்கைப் பையில் போடுங்கள்.

வீட்டுப்பள்ளி யாருக்கு

என் மகள் ஐ.டி. வேலையை விட்டுவிட்டுத்தான் இதில் இறங்கினாள். மருமகன் சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது. ஒருவர் முழுநாளும் வீட்டில் இருக்க முடியாத குடும்பம் இதைத் தொடங்கவே கூடாது. இதைத்தான் நான் முதலில் கேட்பேன். இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டு, பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு, கைப்பேசியில் வகுப்பு ஓடவிடுவதற்குப் பெயர் வீட்டுப்பள்ளி இல்லை.

இதைத் தேர்ந்தெடுக்கிறவர்களின் காரணங்கள் பலவிதம். அடிக்கடி இடம் மாறும் ஊழியக் குடும்பம். பள்ளியில் மற்ற பிள்ளைகளின் கேலியிலும் அடியிலும் ஒடுங்கிப்போன பிள்ளை. எழுத்து மெதுவாக வருகிற பிள்ளை. நாள் முழுவதும் பெற்றோரே உடனிருந்து வேதத்தோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்ற வாஞ்சை. என் மகளுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் காரணம். பிள்ளைக்கு காது கேட்கவில்லை, பேச்சு வரவில்லை என்பதற்காக மட்டும் பாசத்தில் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாளையங்கோட்டையிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நடக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரும், தன்னைப்போன்ற தோழர்களும் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டுப்பள்ளிக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று அதில் எழுதவில்லை. நடைமுறையில் நடப்பது இதுதான்: பள்ளியிலிருந்து டி.சி. வாங்கியதும் பிள்ளையின் எமிஸ் எண் (ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித்துறை தரும் பதிவு எண்) பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளாவிட்டால் இடைநின்ற பிள்ளை என்று கணக்கில் வரும். வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வீட்டுக்கு விசாரிக்க வரலாம். வந்தால் கோபப்படாதீர்கள், அது அவர் வேலை. குழந்தைத் தொழிலாளியாகப் போய்விட்ட எத்தனையோ பிள்ளைகளை மீட்டுக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். உட்கார வைத்து, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள்.

தேர்வுக்கான வழியைத் தொடங்கும் நாளிலேயே முடிவு செய்யுங்கள். பலரும் போவது தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், பன்னிரண்டுக்கு 15. ஐந்து பாடம் போதும். ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு. பதிவு ஐந்து ஆண்டு செல்லும். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். தமிழ்நாட்டு அரசுத் தேர்வுத்துறையில் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுத 12½ வயது வேண்டும். கையில் ஒரு சான்றிதழ் இருப்பது நல்லது என்பதால் அதையும் நான் சிபாரிசு செய்கிறேன். வசதியுள்ளவர்கள் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதும் உண்டு, செலவு மிக அதிகம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்றிருந்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் நீக்கியது. ஆனாலும் பிள்ளைக்கு மருத்துவ ஆசை இருந்தால், அந்தந்த ஆண்டின் நீட் தகவல் கையேட்டை வாசித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புத்தகம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. கிறிஸ்தவ வீட்டுப்பள்ளி என்றதும் அமெரிக்காவின் ஏ.சி.இ. பாடத்திட்டத்தைச் சொல்வார்கள். ‘பேஸ்’ என்ற மெல்லிய பயிற்சிப் புத்தகங்கள், ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு 12. பிள்ளை தானே வாசித்து, தானே திருத்தி, முன்னேறும். ஒழுங்கு வரும், ஆங்கிலமும் வரும். ஆனால் அதில் வரும் வரலாறு அமெரிக்காவின் வரலாறு. அதை முடித்தாலும் நம் ஊர்ப் பொதுத்தேர்வைத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். என் மகள் ஆங்கிலத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கணக்குக்கும் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களுக்கு வந்துவிட்டாள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அவர்கள் வீட்டு நாள் இப்படி ஓடும். காலையில் வேதவாசிப்பு, உடனே கணக்கு. கணக்கைத் தள்ளிப்போட்டால் அன்று அது நடக்காது. பத்தரைக்குப் பலகாரம், பிறகு அறிவியலோ வரலாறோ ஏதாவது ஒன்று மட்டும். மத்தியானத்துக்குமேல் நூலகப் புத்தகம். சாயங்காலம் குடியிருப்புப் பையன்களோடு கால்பந்து. இது விருப்பப்பாடம் இல்லை, கணக்கைப்போலக் கட்டாயம். வாரத்தில் சில நாள் கைப்பேசியில் என்னோடு தமிழ். சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாக வாசிக்கிறோம். வேதாகமத் தமிழ் அவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் கீர்த்தனையை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் தலைமுறையாக என் பேரப்பிள்ளைகள் ஆகிவிடக் கூடாது. பள்ளியில் என்றால் தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. வீட்டுப்பள்ளியில் அந்தக் காவல் இல்லை, நாம்தான் பார்க்க வேண்டும்.

வேலையை விடுவதற்கு முன் ஒரு மே மாதம் முழுவதும் நடத்திப் பாருங்கள். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்த மறுநாளே தொடங்கலாம். அடுக்களை வேலை, விருந்தாளி, மாமியார் மருத்துவமனை என்று எல்லாம் நடக்கும்போதும் தினம் மூன்று மணி நேரம் பாடம் ஓடுகிறதா? உங்கள் குரல் உயருகிறதா? அம்மா என்றால் பயம் என்ற நிலை பிள்ளைக்கு வருகிறதா? வந்தால் நிறுத்திவிடுங்கள். உங்களை அம்மாவாகப் பார்ப்பது அவனுக்குப் பாடத்தைவிட முக்கியம்.

பெரிய பிள்ளையாக இருந்தால் அவனையே கேளுங்கள். எட்டு வயதுக்கு மேலான பிள்ளைக்குத் தெளிவான அபிப்பிராயம் இருக்கும். என் மூத்த பேரன் போன வருஷம், “ஆச்சி, ஒன்பதாம் வகுப்புக்கு நான் ஸ்கூலுக்குப் போகவா?” என்றான். மகளும் மருமகனும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும் என்பதுதான் என் எண்ணம், அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

தாள்கள்

எந்த வழியானாலும் ஒரு கோப்பு வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், டி.சி., எமிஸ் எண், ஞானஸ்நானச் சான்றிதழ். கிறிஸ்தவர் என்று முன்னுரிமை கேட்டுச் சிறுபான்மைப் பள்ளிக்குப் போனால், ஞானஸ்நானச் சான்றிதழும் சேகர குருவானவரின் கடிதமும் கேட்பார்கள். ஐயரவர்களிடம் பிப்ரவரியிலேயே சொல்லிவிடுங்கள். மே மாதத்தில் அசன (சபை விருந்து) வேலை, மாறுதல் என்று அவர் அலைந்துகொண்டிருப்பார். வீட்டுப்பள்ளிப் பிள்ளைக்கு ஒவ்வொரு ஆண்டும் படித்த பாடங்களின் பட்டியலை எழுதி, சில விடைத்தாள்களோடு அதே கோப்பில் வையுங்கள். மறுபடி பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால் 14 வயதுக்குள் அரசுப் பள்ளி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளும். டி.சி. தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தலைமையாசிரியர் தயங்கினால் அந்தச் சட்டத்தின் 5-ஆவது பிரிவைக் காட்டுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி அதையும் கோப்பில் சேருங்கள்.